மொட்டைக் கடுதாசி

சேலையூரில் எங்கள் எதிர் ஃபிளாட் பெண், போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினாள். சோழிங்கநல்லூரில் வேலை.

"அங்கிள், பேர் தெரியாம ஒரு மெயில் அனுப்பணும். முடியுமா?"

"யாரைப் பத்திம்மா?"

"மேனேஜரைப் பத்தி." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் இதற்கு மொட்டைக் கடுதாசி என்று பெயர். இடது கையால் எழுதி, தாம்பரம் முத்திரை காட்டிக்கொடுத்து விடுமே என்று செங்கல்பட்டு வரை ரயிலேறிப் போய்ப் போடுவார்கள். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே புனைபெயரில் மெயில்.

ஃபின்லாந்துக்காரர் யோகான் ஹெல்சிங்கியஸ் 1993-லேயே இதை இலவசமாக நடத்தினார். அனுப்புகிறவர் விலாசத்தை நீக்கிவிட்டு, ஒரு நம்பர் போட்டு அனுப்புவார். எந்த நம்பர் யாருடையது என்ற பட்டியல் மட்டும் அவரிடம். 1995-ல் போலீஸ் வாரண்டோடு வந்து ஒரு பெயரைக் கேட்டது. கொடுக்க வேண்டியதாயிற்று. 1996-ல் கடையை மூடிவிட்டார்.

இன்றைக்குப் பிரபலம், சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில். பெட்டிக்குள் இருக்கும் கடிதத்தை அவர்களாலேயே படிக்க முடியாது. ஆனால், பாஸ்வேர்டு மறந்தால் உதவட்டும் என்று நாம் கொடுத்து வைக்கும் இன்னொரு விலாசம் இருக்கிறதே, அது பூட்டுக்கு வெளியே. ஸ்பெயின் போலீஸ் ஒரு ஆசாமியைப் பிடிக்கப் போனது அந்த வழியில்தான்.

2024 பிப்ரவரி 8-ம் தேதி, சென்னையில் 13 பள்ளிகளுக்குக் குண்டு மிரட்டல் வந்ததே, அதற்கும் புரோட்டான்தான் என்றது போலீஸ். வெறும் புரளி. பெற்றோர் பதறி ஓடியதைப் பார்த்து, 'இதையெல்லாம் தடை பண்ணணும் சார்' என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். இன்று அதே திரைக்குப் பின்னால் நிற்க இந்தப் பெண் இடம் கேட்கிறாள். என்ன சொல்ல?

எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். போன மாதம் 18-ம் தேதி, நைட் ஷிஃப்ட், ஆபீஸ் கார்.

"அன்னிக்குக் கார்ல எத்தனை பேரும்மா?"

"டிரைவர், அவர், நான்." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள்.

எந்த நாட்டு சர்வர் இதை மறைக்கும்?

பத்துப் பேருக்குக் குறையாத எந்த ஆபீஸிலும் இதற்கென்று புகார்க் குழு இருக்க வேண்டும், 2013-ம் வருஷச் சட்டம். புகார் கொடுத்தவர் பெயர் மேனேஜருக்குத் தெரியும்; ஊருக்குச் சொல்லக் கூடாது. இதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேரைப் போட்டே எழுதறேன் அங்கிள். ஆனா ஆபீஸ் மெயில்லேருந்து வேண்டாம், என் சொந்த மெயில்."

கடைசி வரியில் தன் பெயரை டைப் அடித்தபோது அவள் விரல் நடுங்கியது. எனக்கும்தான்.