காட்டட்டும், நீக்க வேண்டாம்

கணினியில் நாலைந்து வரியில் எழுதும் சின்ன நிரல்களை 'ஸ்கிரிப்ட்' என்கிறார்கள். பட்டியலை அகர வரிசைப்படுத்துவது, இரண்டு முறை வந்த பெயரைக் கண்டுபிடிப்பது, மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணுவது போன்றவையே அவற்றின் அன்றாட வேலை. குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பேரேட்டை விரித்து, ஸ்கேலை வைத்து, பென்சிலால் டிக் அடித்து நாம் செய்ததுதான். ஆகவே நம் வயதுக்காரர்கள் இதைப் பேரப்பிள்ளைகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கக் கூடாது. கூடவே ஒரு நிபந்தனையும் வேண்டும்: ஸ்கிரிப்ட் சந்தேகத்தைக் காட்டட்டும், பெயரை நீக்குவதை மனிதன் செய்யட்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு வேலை. 'சார்ட்' வரிசைப்படுத்தும். 'யூனிக்', அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அடுத்தடுத்து இருந்தால்தான் அதன் கண்ணில் படும் என்பதால் முதலில் சார்ட், பிறகு யூனிக். நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டால் முதல் கருவியின் விடை அடுத்ததற்குப் போய்விடும். 1973-இல் வந்த இந்த வசதி இன்றும் லினக்ஸிலும் மேக்கிலும் அப்படியே இருக்கிறது.

புதுச்சேரிப் பெயர்களிடம் வரும்போதுதான் வம்பு. பிரெஞ்சில் 'உ' ஓசைக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து போட வேண்டும். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது கைப்பழக்கம். ஒரு சுந்தரின் பெயர் பழைய ஆவணத்தில் எஸ், ஓ, யு என்று தொடங்கும். ரேஷன் கார்டில் எஸ், யு என்று தொடங்கும். யூனிக் அவரை இரண்டு ஆளாகக் கணக்கிடும். 'ஓ-யு வந்தால் யு ஆக்கு' என்று ஒரு வரி சேர்த்துவிடலாமே என்பீர்கள். ஆங்கில முறையில் எழுதும் சௌந்தருக்கும் அதே ஓ-யு தானே? அந்த ஒரு வரியால் அவர் சுந்தராகி, இன்னொருவருடன் ஒட்டி, பட்டியலை விட்டே போய்விடுவார்.

தமிழிலேயே எழுதினாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. 'கொ' என்பதை யூனிகோடில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டும் வேறு. வரிசையிலும் இதே கதை. நெடுங்கணக்கில் ன கடைசி மெய், யூனிகோடு எண்ணில் அது ந-வுக்கு அடுத்தது. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நிற்பாள். சரிசெய்ய வழிகள் உண்டு. ஆனால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அந்த எழுத்தை அறிந்தவருக்குத்தான் தோன்றும்.

ஒரு வரி குறைந்தால் கணினிக்கு ஒன்றுமில்லை. அது குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஓர் அம்மாளின் வரியாக இருந்தால், மாதம் பிறந்து பணம் வராதபோதுதான் விஷயம் தெரியும். பிறகு 'நான்தான் அந்த நான்' என்று நிரூபிக்க அந்த அம்மாள் படியேறி இறங்க வேண்டும்.

எனவே மூன்று பழக்கங்களைச் சொல்வேன். முதலாவது, அசல் கோப்பைத் தொடாதீர்கள். சார்ட் கொடுத்த விடையை அம்புக்குறி போட்டு அதே கோப்புக்குத் திருப்பினால், படிப்பதற்கு முன்பே கோப்பு காலியாகிவிடும். இரண்டாவது, 'டபிள்யூ-சி' கட்டளையால் முன்னும் பின்னும் வரிகளை எண்ணுங்கள். பத்து குறைந்தால் அந்தப் பத்துக்கும் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். மூன்றாவது, யூனிக்குடன் 'மைனஸ் டி' சேருங்கள். திரும்ப வந்த வரிகளை மட்டும் அது காட்டும். எழுத்து மாற்றும் வரியை நகலில் மட்டும் ஓட்டி, விடையைச் சந்தேகப் பட்டியலாக வையுங்கள்.

ஆயிரம் பெயரை யார் உட்கார்ந்து பார்ப்பது என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆயிரத்தையும் பார்க்க வேண்டாம், சந்தேகப்பட்ட முப்பதைப் பார்த்தால் போதும். ஆயிரத்தை முப்பதாக்கித் தருவது ஸ்கிரிப்ட்டின் வேலை. அந்த முப்பதில் எது சுந்தர், எது சௌந்தர் என்று சொல்ல ஊரையும் ஆட்களையும் தெரிந்தவர் வேண்டும். நமக்கு அவை தெரியும், நேரமும் இருக்கிறது.