பரிசோதனை செய்தாச்சு... அப்புறம்?

கருப்பைவாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாம் என்றால் ஒரு பேனர், ஒரு குத்துவிளக்கு, மறுநாள் பேப்பரில் ஒரு போட்டோ. கீழே "இத்தனை பெண்கள் பயனடைந்தனர்" என்று ஒரு வரி. உண்மையில் அவர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள், அவ்வளவுதான். பயனடைந்தார்களா என்பது வேறு கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

பரிசோதனை என்பது வைத்தியம் இல்லை. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் 'பாசிட்டிவ்'. அதற்குப் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்து கால்போஸ்கோப்பி, தேவைப்பட்டால் பயாப்ஸி. செல்கள் மாறியிருந்தால் உறையவைத்தோ சுட்டோ அகற்றிவிடலாம். அவை புற்றுநோயாக மாறப் பல வருடங்கள் ஆகும். அந்த அவகாசத்தை வீணடித்தால் பரிசோதனை செய்ததும் ஒன்றுதான், செய்யாததும் ஒன்றுதான்.

வீணடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தில் கணக்கே இருக்கிறது. ஆக்லாந்தின் நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் 1966-லிருந்து ஹெர்பர்ட் கிரீன் என்ற டாக்டர், முற்றிய முன்-புற்றுநோய் மாற்றம் இருந்த பெண்கள் பலருக்கு முழு சிகிச்சை தராமல் 'கவனித்துக்கொண்டே' இருந்தார். விஷயம் வெடித்து 1988-ல் கார்ட்ரைட் விசாரணை அறிக்கை வந்தது. 2008-ல் வெளியான ஆய்வின்படி, சரியான சிகிச்சை கிடைக்காத பெண்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. சிகிச்சை கிடைத்தவர்களில் வெறும் 0.7 சதவீதம்!

அங்கே வேண்டுமென்றே காத்திருந்தார்கள். இங்கே பஸ் இல்லாமலும் லீவு கிடைக்காமலும் விட்டுப்போகிறது. செல்லுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

"கூப்பிட்டா வரமாட்டேங்கிறாங்க, அக்கறையே இல்லை" என்று உடனே ஒரு பதில் வரும். சுத்த அபாண்டம். ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. "டாக்டர் இன்னிக்கு இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றால் இன்னொரு நாள் கூலி. எதற்குப் போகிறாய் என்று வீட்டில் கேட்டால் சொல்லவும் கூச்சம்.

அக்கறையில்லை என்பது பொய் என்று நிரூபித்தது திண்டுக்கல் மாவட்டம். 2000-ல் அங்கே தொடங்கிய ஆய்வில் 31,343 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 3,088 பேருக்கு பாசிட்டிவ். அதில் 3,052 பேர் கால்போஸ்கோப்பி செய்துகொண்டார்கள்! காரணம், பயிற்சி பெற்ற நர்சுகளே பரிசோதனைக்கு வந்த அன்றே அதைச் செய்தார்கள். முடிந்தவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் அப்போதே. அப்படியிருந்தும் முன்-புற்றுநோய் மாற்றம் இருந்த 1,874 பேரில் 72 சதவீதம் பேருக்குத்தான் சிகிச்சை போய்ச் சேர்ந்தது. அதற்கே இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. முடிவுகள் 2007-ல் 'லான்செட்' இதழில் வந்துவிட்டன. அதே கிராமம், அதே கூலி வேலை. மாறியது ஏற்பாடு மட்டும்தான்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாடு முழுக்க 1.9. இதை உயர்த்தத்தான் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வைத்த இலக்கு 90-70-90. நடுவில் உள்ள 70 பரிசோதனைக்கு. கடைசி 90, நோய் மாற்றம் கண்டறியப்பட்டவர்களுக்கான சிகிச்சைக்கு. நம்மூர் மேடைகளில் அந்தக் கடைசி எண்ணை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது ராக்கெட் சயின்ஸ் இல்லை. தகுந்தவர்களுக்கு அன்றே சிகிச்சை. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுபவர்களின் பெயர்ப்பட்டியல் ஒரு குறிப்பிட்ட செவிலியரின் பொறுப்பில். ஒரு கர்ப்பிணி செக்கப்புக்கு வராவிட்டால் வீடு தேடிப் போகிற கிராம சுகாதார செவிலியர்கள் இருக்கிற ஊர் இது. அதே தேடலை இதற்கும் செய்ய ஆளும் நேரமும் கொடுக்க வேண்டும். ரிசல்ட்டைச் சீட்டில் கிறுக்காமல், "இது புற்றுநோய் இல்லை, ஆனா விட்டா ஆகலாம்" என்று உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த முகாமின் பேனரில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று போடட்டும். கூடவே, போன முகாமில் பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு சிகிச்சை முடிந்தது என்றும் போடட்டும். போட முடியாவிட்டால் குத்துவிளக்கு எதற்கு?