தண்ணீர் எதுவரை வந்தது?

பிரம்மபுத்திராவின் கரையோரத்தில் மிசிங் பழங்குடியினர் வீடு கட்டும்போது முதலில் கேட்கும் கேள்வி இது: கடைசி வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது? அதற்கு மேலே மூங்கில் தரை போடப்படும். தூண்கள்மீது நிற்கும் இந்த வீட்டுக்கு அசாமில் ‘சாங் கர்’ என்று பெயர். வறண்ட மாதங்களில் வீட்டுக்கு அடியில் பெண்கள் தறி நெய்வார்கள், பன்றிகள் படுத்திருக்கும். மழைக்காலத்தில் அதே இடத்தில் ஆறு ஓடும்.

தலைமுறைகளாகப் பலித்த இந்தக் கணக்கு இப்போது தவறுகிறது. 1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சரிந்த மலைமண் ஆற்றுப்படுகையை மேடாக்கியது. பின்னர் எழுப்பப்பட்ட கரைகள் சிறு வெள்ளங்களைத் தடுத்தன. ஆனால் கரை உடைந்தால் தண்ணீர் மெல்ல ஏறுவதில்லை, பாய்ந்து வருகிறது. பருவநிலை மாற்றத்தால் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை வேறு.

கிராமங்கள் சும்மா இருக்கவில்லை. தரையின் உயரம் கூடுகிறது. மரத்தூண் நின்ற இடத்தில் கான்கிரீட் தூண் வருகிறது. அடிபம்பும் மேடை ஏறுகிறது. அது மூழ்கினால் வெள்ளம் வடிந்தபின் வயிற்றுப்போக்கு நிச்சயம். அருணாசல மலைகளிலிருந்து தேமாஜி மாவட்டத்துக்குள் இறங்கும் ஜியாதல் ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்தால், கரையோர வீடொன்றில் ஒலி எழுப்பும் கருவி வைக்கப்பட்டது. ஒலியைக் கேட்டவர் கீழேயுள்ள கிராமங்களுக்கு செல்போனில் சொல்ல வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். ஐ.நா. பருவநிலை அமைப்பு 2014இல் இதற்கு விருது அளித்தது. கிடைக்கும் அவகாசம் சில மணி நேரமே. மாட்டை மேட்டுக்கு ஓட்ட, விதைநெல்லைப் பரணில் ஏற்ற, பட்டாவையும் ரேஷன் கார்டையும் பையில் திணிக்க அது போதும்.

தரையை உயர்த்தலாம். அடியிலிருக்கும் நிலமே போய்விட்டால்? 1950க்குப் பிறகு ஆறுகள் அரித்துச் சென்ற நிலம், அசாம் அரசின் கணக்குப்படி, 4.27 லட்சம் ஹெக்டேர். மாநிலப் பரப்பில் 7 சதவிகிதத்துக்கும் அதிகம். வீட்டைப் பிரித்து மூங்கிலைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போகலாம். வயலை ஏற்ற முடியாது. வெள்ளத்துக்குக் கிடைத்த நிவாரணம் நதி அரிப்புக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களின் மறுவாழ்வுக்கும் நிதி ஒதுக்க வேண்டும் என்று 15ஆவது நிதிக் குழு பரிந்துரைத்த பிறகுதான் கதவு திறந்தது.

அடுத்த வெள்ளத்துக்கு எத்தனை அடி உயரம் வேண்டும் என்பதைக் கிராமமே கணக்கிட்டுக்கொள்ளும். ஆறு கொண்டுபோன வயலுக்கு மாற்று நிலம் எங்கே என்பது திஸ்பூரும் தில்லியும் போட வேண்டிய கணக்கு.