சிறு திருத்த வேலைகள் உண்டு

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை ஒப்புநோக்குதல். தலையங்கத்தையும் அரசியல் கட்டுரைகளையும் மூத்தவர்கள் பார்ப்பார்கள். புதியவனான என் மேசைக்குச் சிறு விளம்பரங்களே வந்து சேரும். காணி விற்பனைக்கு, மணமகள் தேவை, கார் விற்பனைக்கு. கார் விளம்பரங்களில் ஒரு தொடர் அடிக்கடி தலைகாட்டும்: ‘சிறு திருத்த வேலைகள் உண்டு.’ எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதே என் கடமை. பொருட்பிழை இருக்கிறதா என்று எவரும் என்னைக் கேட்டதில்லை.

அந்தச் ‘சிறு’ என்ற சொல் எவ்வளவு பெரியது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்காவில்தான் அறிந்துகொண்டேன்.

2018ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ரோயிட் நகருக்கு அண்மையில் வசிக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் இரு வாரங்கள் தங்கியிருந்தேன். பேராதனையில் ஒரே விடுதியில் இருந்தவர்கள் நாங்கள். அவர் பொறியியல், நான் கலை. அவருடைய கராஜில் ஒரு 1966ஆம் ஆண்டு மஸ்டாங் நின்றது. கூரைச்சீலையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய திறந்த கார். வெளிர் நீல நிறம். அந்த ஆண்டு மாதிரியில் இவ்வகைத் திறந்த கார்கள் 72,119 செய்யப்பட்டன. மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்காக அதை விற்றுவிட நண்பர் முடிவு செய்திருந்தார்.

“மச்சான், நீ பேப்பர்க்காரன்தானே. நாலு வரி எழுதித் தா. அதை நான் இங்கிலீஷில் போட்டுக்கொள்ளுறன்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மாலை வெயில், திறந்த கூரை, அரை நூற்றாண்டின் அழகு என்று கைக்கு வந்ததையெல்லாம் எழுதினேன். கடைசி வரியாக, பழைய பழக்கத்தில், ‘சிறு திருத்த வேலைகள் உண்டு’ என்று முடித்தேன். கேட்கும் விலை 19,500 டொலர். நண்பர் வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. என்னைக் கராஜுக்கு அழைத்துச் சென்று, சாரதி இருக்கைக்கு முன்னால் விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கிக் காட்டினார். காரின் அடித்தளத்தினூடாகக் கராஜின் சீமெந்துத் தரை தெரிந்தது.

கறள். மிச்சிகனில் பனிக்காலத்தில் வீதிகளுக்கு உப்பு இடுவார்கள். அந்த உப்புநீர் கீழிருந்து தின்னும். முன் கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுப் பெட்டியில் தேங்கும் மழைநீர் மேலிருந்து ஒழுகும். வெளியே பூச்சு பளபளக்க, உள்ளே தகடு கடதாசியாகிவிடும்.

சாதாரணக் கார் ஒன்றில் இது செலவு வைக்கும் பழுது. திறந்த காரில் இது உயிருடன் சம்பந்தப்பட்ட பழுது. நண்பர் பொறியியலாளர் ஆகையால் எனக்கு விளங்கும்படி சொன்னார். இந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகட்டு உடலே எலும்புக்கூடு. கூரையுள்ள காரில் கூரையும் தூண்களும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கூரையை அகற்றிவிட்டால், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடுகளும் அடித்தளமும் அதைச் சுமக்க வேண்டும். அதனால்தான் திறந்த கார்களுக்கு அவ்விடங்களில் மேலதிகத் தகடுகள் வைத்துப் பலப்படுத்தினார்கள். அங்கே கறள் ஏறினால் கார் நடுவில் தொய்யத் தொடங்கும். கதவு மூட மறுக்கும். இருக்கைகள் பூட்டப்பட்டிருப்பதும் அதே அடித்தளத்தில்தான். மோதல் ஒன்று நிகழ்ந்தால் இருக்கை எங்கே போகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

“இதையும் சிறு வேலை எண்டு எழுதலாமோ?” என்று கேட்டார் நண்பர்.

அவர் இதை வாங்கியது 2006இல். அந்த விளம்பரத்திலும் இதே பொருள்படும் வரி ஒன்று ஆங்கிலத்தில் இருந்ததாம். எஞ்சினைப் பார்த்தார், கூரையை ஏற்றி இறக்கிப் பார்த்தார், பூச்சின் மினுக்கத்தில் மயங்கினார். கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு பொறியியலாளரே ஏமாந்தார் என்றால் மற்றவர் கதி என்ன?

இரவு உணவின்போது நண்பரின் மனைவி ஒரு கேள்வி கேட்டார். “அண்ணை, அந்த மனுசன் எங்களுக்குச் சொன்னவரே? நாங்கள் மட்டும் ஏன் சொல்ல வேணும்?”

இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மகளின் கட்டணம் கற்பனையல்ல. சட்டமும் அவர் பக்கமே சாய்கிறது. அமெரிக்காவில் பழைய கார்களை விற்கும் வணிகர்கள், கார் உத்தரவாதத்துடன் விற்கப்படுகிறதா, உள்ளபடியே விற்கப்படுகிறதா என்பதைக் குறிக்கும் அறிவித்தலைக் காரிலேயே ஒட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 1985இல் நடைமுறைக்கு வந்தது. தனியாள் தன் காரை விற்கும்போது அந்த விதி அவரைக் கட்டாது. ‘உள்ளபடியே விற்கிறேன்’ என்று எழுதிவிட்டு மௌனமாக இருந்தால், பொதுவாக அது வாங்கியவர் பாடு. அப்பட்டமாகப் பொய் சொன்னால்தான் வில்லங்கம்.

ஆனால் சட்டம் விட்டுவைக்கும் இடத்தில்தான் மனிதருடைய நேர்மை பரீட்சிக்கப்படுகிறது. ஏமாற்று ஒரு பரம்பரைச் சொத்துப் போன்றது. வாங்கியவர் அதை அடுத்தவருக்கு வட்டியுடன் கைமாற்றுகிறார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கறள் கொஞ்சம் பெருகுகிறது, கம்பளம் கொஞ்சம் புதிதாகிறது. யாராவது ஒருவர் நட்டத்தை ஏற்று அந்தத் தொடரை அறுக்க வேண்டும். அதை நாமே செய்ய நேர்வது துரதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை.

விற்பவர் சொல்லுக்கு எவ்வளவு விலை உண்டு என்பதற்கு அமெரிக்காவின் திறந்த கார்களே ஒரு பெரிய உதாரணம் தருகின்றன. எழுபதுகளில் பாதுகாப்பு விதிகள் கடுமையாகும் என்ற அச்சத்தாலும், விற்பனை வீழ்ந்ததாலும் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் இவ்வகைக் கார்களைக் கைவிட்டார்கள். 1976இல் கடிலாக் எல்டொராடோவே கடைசி அமெரிக்கத் திறந்த கார் என்று விளம்பரமாயிற்று. அவ்வாண்டு 14,000 கார்கள் செய்யப்பட்டன. ஏப்ரல் 21ஆம் திகதி இறுதிக் கார் வெளிவந்தது. நாளை பெருவிலை போகும் என்று நம்பிப் பலர் வாங்கிப் பூட்டிவைத்தார்கள். 1982இல் கிறைஸ்லர் மீண்டும் திறந்த காரை விற்கத் தொடங்கியது. 1984இல் கடிலாக்கே எல்டொராடோவைத் திறந்த காராக மறுபடியும் கொண்டுவந்தது. ‘கடைசி’க் காரை வாங்கியவர்களுள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள்.

அந்த விளம்பரத்தை எழுதியவர்கள் அன்று அதை உண்மையென்றே நம்பியிருக்கக்கூடும். எதிர்காலம் எவருக்குத் தெரியும்? ஆனால் கம்பளத்துக்குக் கீழே இருப்பது எதிர்காலமல்ல. அது விற்பவருக்குத் தெரிந்த நிகழ்காலம்.

மறுநாள் விளம்பரத்தைத் திருப்பி எழுதினேன். இம்முறை மாலை வெயில் இல்லை. அடித்தளத்தில் ஓட்டைகள் உண்டு. இருபக்கக் கதவடிப் பெட்டித் தகடுகளும் மாற்றப்பட வேண்டும். அதுவரை வீதியில் ஓட்டக்கூடாது. மைல்மானி 41,000 காட்டுகிறது, ஆனால் ஐந்து இலக்க மானி ஒரு இலட்சத்தில் மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம். இவற்றுக்குப் பிறகுதான் நல்லவை: ஆறு சிலிண்டர் எஞ்சின் சீராக இயங்குகிறது, கூரைச்சீலை புதியது, அடையாள இலக்கத்தில் 08 என்று இருப்பதால் இது பின்னர் கூரை வெட்டப்பட்ட கார் அல்ல, தொழிற்சாலையிலேயே திறந்த காராகப் பிறந்தது. ஓட்டைகளைப் படம் எடுத்து அவற்றையே முதலில் போட்டோம். விலை 9,000 டொலர்.

அழைப்புகள் குறைவாகவே வந்தன. முதலில் ஓர் இளைஞன். சேமித்த பணம் முழுவதையும் கொண்டு வருவதாகவும், காரை அன்றே இண்டியானா வரை ஓட்டிச் செல்லலாமா என்றும் கேட்டான். விளம்பரத்தை அவன் முழுதாக வாசிக்கவில்லை. நண்பர் கூடாது என்றார். மறுமுனையில் ஏமாற்றம் கேட்டது. என் முதல் விளம்பரம் வெளிவந்திருந்தால், கார் அவனிடமே போயிருக்கும்.

நான் புறப்படுவதற்கு இரு நாள்களுக்கு முன்னர் ஒகையோவிலிருந்து நடுவயதுக்காரர் ஒருவர் இழுவை வண்டியுடன் வந்தார். ஒட்டுவேலை செய்பவர். மின்சூளுடன் காருக்குக் கீழே அரை மணிநேரம் படுத்திருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, விளம்பரத்தில் எழுதியதற்கு மேலாக எதையும் தாம் காணவில்லை என்றார். அப்படிச் சொல்லிவிட்டும் 500 டொலர் குறைத்துத்தான் கொடுத்தார். வியாபாரம் வியாபாரம்தான்.

நண்பரின் மனைவி சமாதானமடைந்தார் என்று சொல்லமாட்டேன். எஞ்சிய கட்டணத்துக்கு அவர்கள் கடன் எடுத்தார்கள். நேர்மை இலாபம் தரும் என்று நீதிக்கதை எழுத இங்கு இடமில்லை. அது நட்டமும் தரும். ஆனால் அந்தப் பழுதைத் திருத்தத் தெரிந்தவர் கைக்குக் கார் போயிற்று, திருத்தத் தெரியாதவன் கைக்குப் போகவில்லை. ஒரு விளம்பரம் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அதுவே.

இன்று சிறு விளம்பரங்கள் பெரும்பாலும் இணையத்துக்குப் போய்விட்டன. அங்கே ஒப்புநோக்குபவரும் இல்லை. அந்தப் பழைய தொடர் மட்டும் எல்லா மொழிகளிலும் உயிருடன் இருக்கிறது. பழைய காரையோ வீட்டையோ விற்க முற்படும் வாசகர்களுக்கு, நெடுங்காலம் பிழை திருத்தியவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். ‘சிறு’ என்ற சொல்லை வெட்டிவிடுங்கள். என்ன திருத்த வேலை என்பதை எழுதுங்கள்.