தாயின் பெயரில் ஓர் இசைத்தட்டு

துறைமுகம் உள்ள ஊரில் இசைக்கு வேலி கட்ட முடியாது. கப்பலிலே சரக்கு மட்டுமா வருகிறது? பாட்டும் வருகிறது. நமது திருகோணமலையையே எடுத்துக்கொள்வோம். 1624இல் இங்கே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் போய் எத்தனையோ காலமாயிற்று. அவர் வழிவந்த பறங்கியர் பாடிய பைலா மட்டும் போகவில்லை. கலியாண வீட்டில் அது ஒலிக்கும்போது, "இது நம்முடையதன்று" என்று எழுந்து போகிறவர் எவருமிலர்.

ஆயினும், இன்றைய பிள்ளைகள் கேட்கும் மேனாட்டு இசையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் முகங்கள் சுளிக்கின்றன. "இதுவும் ஒரு சங்கீதமா?" என்கின்றனர் பெரியோர். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்கின்றனர் இளையோர். இரு சாராரும் ஒருங்கே இருந்து கேட்கத்தக்க இசைத்தட்டு ஒன்றைப் பற்றி இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம். அதன் பெயர் 'கலா'. 2007இல் வெளிவந்தது. ஆக்கியவர், எம்.ஐ.ஏ. என்னும் பெயரிற் பாடும் மாதங்கி அருள்பிரகாசம்.

1975இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர் மூண்டபின் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக இலண்டன் திரும்பியவர் அவர். தந்தையார் இயக்க அரசியலில் ஈடுபட்டுக் குடும்பத்தைப் பிரிந்திருந்தார். தாயார் கலா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். 2005இல் வெளிவந்த முதல் தட்டுக்குத் தந்தையின் இயக்கப் பெயராகிய 'அருளர்' என்பதைச் சூட்டிய மகள், இரண்டாவதற்குத் தாயின் பெயரைச் சூட்டினார். போர்க்களத்தின் பெயர் ஊரறியும். தையல் இயந்திரத்தின் பெயரை யார் அறிவார்? அதனை உலகறியச் செய்தார் மகள்.

இத்தட்டிலே இரண்டு மேனாட்டு மரபுகள் கலக்கின்றன. ஒன்று பங்க் றொக். 1976 அளவில் இலண்டனில் வேலையற்ற இளைஞரின் சினத்திலே கொழுந்துவிட்ட இசை அது. மற்றது ஹிப் ஹொப். 1973இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஜமெய்க்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க் என்னும் இளைஞர் நடத்திய ஆட்ட விருந்திலே தோன்றியதாகச் சொல்லப்படுவது. இரண்டுக்கும் தாய் வறுமையே. ஆகவே அவை ஒன்றையொன்று அடையாளங் கண்டுகொண்டதில் வியப்பில்லை. 'த கிளாஷ்' என்னும் இலண்டன் பங்க் குழுவினர், நியூயோர்க் தெருக்களிற் கேட்ட றப் முறையை 1980ஆம் ஆண்டளவிலேயே தம் பாட்டிற் புகுத்திவிட்டனர்.

அக்குழுவினர் 1982இல் குடியேறிகளின் துயரைப் பாடிய பாட்டொன்றின் இசைத்துணுக்கை அடித்தளமாகக் கொண்டதே 'கலா'விலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்', அதாவது காகித விமானங்கள். அமெரிக்கா செல்ல மாதங்கிக்கு விசா கிடைக்கவில்லை. முடங்கிக் கிடக்கவில்லை அவர். இந்தியா, டிரினிடாட், ஜமெய்க்கா, அவுஸ்திரேலியா, லைபீரியா என்று ஊர் ஊராகச் சென்று பாட்டைப் பதிவு செய்தார். அப்பாட்டிலே துப்பாக்கி ஓசையும் பணப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. வன்முறையைப் போற்றுகிறார் என்று சிலர் கண்டித்தனர். குடியேறி வருபவனெல்லாம் கொள்ளையிடவே வருகிறான் என்னும் அச்சத்தை எள்ளி நகையாடுவதே அதன் நோக்கம். விசாவுக்காகக் காத்திருந்து ஏங்கிய குடும்பங்கள் நிறைந்த நமது மாவட்டத்தில் இந்த எள்ளலை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? விசா மறுத்த அமெரிக்காவிலேயே 2008இல் அப்பாட்டு விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது.

பெரியோர்க்கு ஒரு சொல். இத்தட்டின் முதற்பாட்டைக் கேளுங்கள். 1991இல் வந்த 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டில் இளையராஜா அமைத்த இசை அங்கே ஒலிக்கும். வேறு பாட்டுகளிலே உறுமி முழங்கும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமச் செய்யும் அந்தத் தமிழ்நாட்டு மேளத்தைச் சென்னையிற் பதிவு செய்தார் மாதங்கி. அந்நியம் என்று நாம் தள்ளுவதற்குள்ளே நம்முடையதும் இருக்கிறது.

இளையோர்க்கும் ஒரு சொல். உறுமி இலண்டன் வழியாக வந்தால் நாகரிகம், நம் தெருவிற் பறையாக முழங்கினால் இழிவு என்று எண்ணுவது தகுமா? பறை அடிப்பவரைத் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் அழைத்து, திண்ணையிலே அமர்த்த மறுத்த சமூகம் நம்முடையது. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை ஆக்கியோர் பட்டியலிலே கிளாஷ் குழுவினரின் பெயர்களும் இடம்பெற்றன. துணுக்கை எடுத்தவர் உரியவரின் பெயரைச் சொல்லவேண்டும் என்பது அங்கே சட்டம். நம் ஊர்ப் பறைக் கலைஞரின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? எத்தனை தாளக்கட்டுகள் அவர்களோடு மறைந்தன?

மாதங்கியின் கருத்துகள் யாவற்றையும் ஏற்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர் செய்த ஒன்றை மாணவர் செய்யலாம். அவர் உறுமியைத் தேடிச் சென்று பதிவு செய்தார். உங்கள் கையிலும் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. அடுத்த திருவிழாவிலே பறை முழக்குபவரிடம் சென்று, வணங்கி, அவர் பெயரையும் தாளத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் இசைந்தால் முழக்கத்தையும் பதிவு செய்யுங்கள்.