வயிற்றுப் பசியும் மனப் பசியும்

மனிதனை விண்வெளிக்கு அனுப்ப முனைந்த காலத்தில் அறிஞரை வருத்திய ஐயங்களுள் ஒன்று, எடையற்ற நிலையில் உணவு தொண்டையைக் கடந்து இறங்குமா என்பதாகும். 1961 ஏப்ரில் 12ஆம் திகதி பூமியை ஒருமுறை வலம்வந்து 108 நிமிடங்களில் மீண்ட யூரி ககாரின், வழியில் உண்டும் பருகியும் அவ்வையத்தைப் போக்கினார். 1962 பெப்ரவரியில் ஜோன் கிளென் அப்பிள் மசியலைக் குழாயிலிருந்து பிதுக்கி உண்டார்.

குழாய் உணவு உடலுக்குச் சத்தளித்தது, உள்ளத்துக்கு நிறைவளித்ததா? 1965 மார்ச் 23இல் ஜெமினி 3 கலத்தில் சென்ற ஜோன் யங், உப்பிட்ட இறைச்சி வைத்த சான்ட்விச் ஒன்றைச் சட்டைப் பையில் ஒளித்துச் சென்றார். தோழர் கிறிசம் அதைக் கடித்ததும் பாண் துகள்கள் மிதக்கலாயின. அவை கருவிகளுட் புகுந்தால் ஆபத்து. ஆகவே உடனே அதை எடுத்து வைத்துவிட்டனர். அமெரிக்கக் காங்கிரஸிலும் இதுபற்றிக் கேள்வி எழுந்தது. பயணமோ ஐந்து மணி நேரமும் நீடிக்கவில்லை. விளையாட்டாகச் செய்ததுதான், ஆயினும் உணவு வயிற்றுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அது நல்ல சான்று.

உணவில் மனமும் பங்கு கேட்பதனாலேயே, பசியின்றியும் நாம் உண்கிறோம். தனிமை, சலிப்பு, கவலை ஆகியன பசியின் வேடம் பூண்டு வருகின்றன. ஹில்டே புரூக் என்னும் உளமருத்துவர், உணவுக் கோளாறுகள் பற்றி 1973இல் வெளியிட்ட நூலில் இதன் வேரை ஆராய்ந்தார். குழந்தை எதற்காக அழுதாலும் உணவையே ஊட்டிவந்தால், பசி இது, துயரம் இது எனப் பிரித்தறியும் ஆற்றல் அதனிடம் செவ்வனே வளராது. பிற்காலத்தில் எத்துயர் வரினும் அது உணவையே நாடும் என்பது அவர் கருத்து.

உடற்பருமனுக்குப் பரம்பரை, நோய், மருந்து முதலிய காரணங்களும் உள. எனவே பருத்தவரை நகைப்பது அறியாமை. அந்நகைப்பே சிலரை மேலும் உண்ணத் தூண்டும்.

பரீட்சைக் காலத்தில் நள்ளிரவில் பிஸ்கற் பெட்டியைத் திறக்கும் மாணவரே, கேட்பது வயிறா, அச்சமா என ஒருகணம் எண்ணிப் பாருங்கள். வயிற்றுப் பசி மெல்ல வளரும், எவ்வுணவையும் ஏற்கும். மனப் பசி திடீரென எழும், குறித்த பண்டத்தையே கேட்கும், உண்டபின்பும் அடங்காது.

பெற்றோரே, அழும் பிள்ளைக்கு இனிப்பை நீட்டுமுன் அருகில் அமர்ந்து காரணத்தைக் கேளுங்கள். மடியைத் தேடி வந்த பிள்ளைக்குப் பண்டம் ஈடாகாது.