மாடியில் சோலார், வீட்டில் இருட்டு... ஒரு அறையையாவது வெளிச்சமாக்கலாமா?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில் சென்னை தத்தளித்த நாள்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் குடியிருப்பில் கரன்ட் போய் ஒரு முழு நாள் ஆகியிருந்தது. இரண்டாவது மாடி ஆன்ட்டி, ஆஸ்துமா இருக்கும் தன் மகனின் நெபுலைசரைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்றார்.

"ஏம்மா, நீ பத்திரிகையிலதானே இருக்க? மாடியில அத்தனை சோலார் பேனல் இருக்கே, ஒரு ப்ளக் பாயின்ட்கூடவா வேலை செய்யாது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து, இன்வெர்ட்டர் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. இந்த வாரம் அதற்கான பதில்.

பேனல் ஏன் தூங்கிவிடுகிறது?

நம் மாடிகளில் இருப்பவை பெரும்பாலும் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் அமைப்புகள். லைனில் கரன்ட் நின்றதும் இவையும் தானாக நின்றுவிடும். அப்படித்தான் நிற்க வேண்டும். இல்லையென்றால் நம் மாடியிலிருந்து போகும் மின்சாரம், அறுந்த கம்பியைச் சரிசெய்ய கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைத் தாக்கிவிடும்.

கரன்ட் இல்லாதபோதும் பேனல் வேலை செய்ய வேண்டுமென்றால், லைனிலிருந்து தனியே பிரிந்து ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். சிக்கல் இங்கேதான். 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அது பேனல் திறனுக்குத்தான், பேட்டரிக்கு அல்ல. அதாவது, மாதாமாதம் பில்லைக் குறைக்க உதவி கிடைக்கிறது. இருட்டைச் சமாளிக்க நாம்தான் பணம் திரட்ட வேண்டும்.

ஒரு மலை ஊர் செய்த வேலை

போர்ட்டோ ரிகோ தீவில் அட்ஹுன்டாஸ் என்றொரு மலை ஊர். 2017 செப்டம்பரில் மரியா புயல் அந்தத் தீவின் மின்கட்டமைப்பையே சாய்த்துவிட்டது. எல்லோருக்கும் கரன்ட் திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அரசு ஏற்றுக்கொண்ட உயிரிழப்புக் கணக்கு 2,975. அதில் பெரும்பகுதி புயல் அடித்த நாளில் நடந்தவை அல்ல. அதற்குப் பிந்தைய மாதங்களில் நடந்தவை.

அந்த ஊரில் காசா புவேப்லோ என்ற மக்கள் அமைப்பின் கட்டடத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. அங்கே 1999-லிருந்தே சோலார் இருந்தது. மூச்சுக் கருவி தேவைப்பட்டவர்களும், போனில் சார்ஜ் இல்லாதவர்களும் அங்கேதான் வந்தார்கள்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. 2023-ல் ஊர் நடுவிலிருக்கும் 14 கடைகளை இணைத்து, சுமார் 700 பேனல்களும் பேட்டரிகளும் கொண்ட தனி மின்கட்டமைப்பைத் தொடங்கினார்கள். மலையேற்ற வீரர் அலெக்ஸ் ஹானல்டின் அறக்கட்டளை உட்படப் பலர் பணம் கொடுத்தார்கள். ஆனால், அதை நடத்துவது கடைக்காரர்களே சேர்ந்து அமைத்த லாப நோக்கமற்ற சங்கம். கடைகள் கட்டும் மின்கட்டணத்திலிருந்து பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குகிறார்கள்.

நன்கொடை ஒருமுறை வரும். பேட்டரி பழுதாகும்போது திரும்ப வராது. அவர்கள் போட்ட திட்டத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

'நமக்கு யார் தருவாங்க?'

நியாயமான கேள்வி. மேட்டுப்பாளையம் பக்கத்திலிருக்கும் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து சொந்தமாகக் காற்றாலை வாங்கியது. சேமிப்பு கொஞ்சம், மீதி வங்கிக் கடன். மின்சாரத்தை விற்றே கடனை அடைத்தார்கள். ஒரு கிராமத்தால் அது முடிந்தது.

நமக்கு அவ்வளவு பெரிய கணக்கு தேவையில்லை. முழுக் குடியிருப்புக்கும் பேட்டரி வாங்கப் போனால் பட்ஜெட்டைப் பார்த்ததுமே கூட்டம் கலைந்துவிடும். லிஃப்ட் வேண்டாம், ஏசி வேண்டாம். ஒரே ஒரு பொது அறை போதும்.

நான்கு எல்.இ.டி. பல்பு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் இரண்டு ஃபேன், மருந்து வைக்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், 20 போன்களுக்கு சார்ஜ், ஒரு நெபுலைசர். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் அளவுதான். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பேனலே நாளொன்றுக்கு நான்கு யூனிட் கொடுக்கும். புயல் நாளில் வெயில் இருக்காது என்பதால், ஐந்து யூனிட் சேமிக்கும் பேட்டரி இருந்தால் இரண்டு நாள் ஓட்டிவிடலாம்.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24 வீடுகள் பங்கிட்டால் வீட்டுக்கு 6,250. ஒரு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 521 ரூபாய் வரும். அதன் பிறகு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் எடுத்துவைத்தால் 10 வருடத்தில் 1,44,000 ரூபாய். அடுத்த பேட்டரிக்கான பணம் தயார்.

கூட்டத்தில் பேச வேண்டியவை

* பேட்டரியும் இன்வெர்ட்டரும் தரைத்தளத்தில் வேண்டாம். வெள்ளம் முதலில் வருவது அங்கேதான்.
* அறைச் சாவி இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.
* மூச்சுக் கருவி, மருந்து தேவைப்படுவோர் யார் யார் என்று முன்பே பட்டியல் எடுங்கள். ப்ளக் பாயின்ட்டில் முதல் உரிமை அவர்களுக்கு.
* பங்கு போட முடியாத வீட்டுக்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும், வாட்ச்மேன் குடும்பத்துக்கும் கதவு திறந்தே இருக்க வேண்டும்.
* பராமரிப்புப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. பெயின்ட் அடிக்க அதில் கை வைக்கக் கூடாது.

கிராமங்களில் இதே வேலையைப் பள்ளிக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ செய்யலாம். பொதுமக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தரும் 'நமக்கு நாமே' திட்டத்தில் இதற்கு இடமுண்டா என்று ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள். 2018-ல் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்த டெல்டா மாவட்டங்களில் இதன் அருமை எல்லோருக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னேன். "மழைக்காலம் வரட்டும், பார்க்கலாம்" என்றார் ஒருவர். இரண்டாவது மாடி ஆன்ட்டி எழுந்து, "மழை வந்த பிறகு என்னத்தப் பார்க்கிறது?" என்றார். அதுவரை 11 வீடுகள்தான் கைதூக்கியிருந்தன. அவர் உட்கார்ந்தபோது 17.

இன்னும் ஏழு வீடுகளிடம் பேச வேண்டும். உங்கள் குடியிருப்பில் எத்தனை?